முதலில் தாள், பிறகு மை, கடைசியில் முத்திரை: கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளைக் கையால் அச்சிட ஒரு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நான், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளை ரப்பர் ஸ்டாம்பு கொண்டு கையால் அச்சிட முதன்முறையாக முனைந்தேன். முப்பது அட்டைகளில் பதினொன்றுதான் அனுப்பும் நிலையில் தேறின. பளபளப்பான அட்டையில் இட்ட மை மூன்று நாள்கள் கழித்தும் காயாமல் உறைக்குள் இழுபட்டுக் கறையானது. கைவினைத் தாளில் இட்ட ஊதா மை, எழுத்தின் ஓரமெல்லாம் வேர்விட்டதுபோல் பரவியது. வாழ்த்து வாசகத்துக்காகச் செய்யக் கொடுத்த முத்திரையில் கொம்பும் காலும் இடம் மாறி வந்தன. இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான் என்பது பின்னர்தான் விளங்கியது: கண்ணுக்கு அழகாகத் தெரிந்த முத்திரையை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு ஏற்ற மையைத் தேடி, கடைசியில் கையில் கிடைத்த தாளில் அச்சிட்டேன். வாங்கும் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் நீங்கள் அந்தப் பத்தொன்பது அட்டைகளை இழக்க வேண்டாம் என்பதற்காக, இருபது அட்டைகளைக் கணக்காக வைத்து ஒவ்வொரு படியையும் இங்கே எழுதுகிறேன்.

1. நாள் கணக்கைப் போடுங்கள்

இந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் மழைதான். நம் கடற்கரைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது; அதிலும் நவம்பரில்தான் மழை மிகுதி. அட்டை செய்ய எல்லோரும் உட்காரும் அதே வாரங்களில் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, மை காய மறுக்கிறது, ஒட்டிய இடங்கள் அலை அலையாக எழுகின்றன. எனவே ஆகஸ்ட் மாதத்திலேயே தாளும் மையும் வாங்கிச் சோதித்துவிடுங்கள். செப்டம்பர் நடுவில் முத்திரையைச் செய்யக் கொடுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் கடைகளில் நெருக்கடி கூடிவிடும், அதை அடுத்து நாட்காட்டி அச்சிடும் வேலையும் சேர்ந்துகொள்ளும். அச்சிடும் வேலையை அக்டோபர் முதல் இரண்டு வாரங்களுக்குள் முடித்துவிட்டால், உள்ளே கையால் எழுதுவதையும் உறை செய்வதையும் மழை நாள்களில் வீட்டுக்குள் அமர்ந்து நிதானமாகச் செய்யலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய அட்டைகள், கிறிஸ்மஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு முன்பே அஞ்சலில் சேர்ந்துவிட வேண்டும். அந்த ஞாயிறு ஆண்டுதோறும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருவதால், நினைவில் வைத்துக்கொள்ள எளிதான எல்லைக்கோடு அது. உள்நாட்டு அட்டைகளுக்கு டிசம்பர் 12 என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

2. தாளைத் தேர்ந்தெடுங்கள்

புதுச்சேரிக்கு அருகில் இருப்பதன் பயன் இந்த இடத்தில்தான் தெரியும். அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்கூடம் புதுச்சேரி எஸ்.வி. பட்டேல் சாலையில் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யப்படும் அந்த வகைத் தாளுக்கு உறுதியும் உண்டு, விளிம்பு பிசிறிய தனி அழகும் உண்டு. ஆனால் அழகைக் கண்டு உடனே அதன்மேல் முத்திரையை இட்டுவிடாதீர்கள். கைவினைத் தாளின் மேற்பரப்பில் மேடு பள்ளங்கள் இருப்பதால், மெல்லிய கோடுகள் அங்கங்கே விட்டுப்போகும். நீர்த்தன்மையுள்ள மை இழைகளின் வழியே பரவவும் செய்யும்.

நான் கடைசியில் கண்டடைந்த வழி இதுதான். மடித்த அடி அட்டைக்குக் கைவினைத் தாளைப் பயன்படுத்துங்கள். படத்தை வழவழப்பான, ஆனால் பளபளப்புப் பூச்சு இல்லாத வெள்ளைத் தாளில் தனியாக அச்சிட்டு, அந்தத் துண்டை அடி அட்டையின் முகப்பில் ஒட்டுங்கள். அச்சு பிசகினால் ஒரு சிறு துண்டுதான் வீணாகும், முழு அட்டை வீணாகாது; தொடங்குபவர்களுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை.

கடையில் கேட்கும்போது தாளின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கில், சொல்லுங்கள். அடி அட்டைக்கு 300 ஜிஎஸ்எம், படத் துண்டுக்கு 200 ஜிஎஸ்எம், உறைக்கு 100 ஜிஎஸ்எம் போதும். அச்சகங்களுக்குத் தாள் விற்கும் கடைகளில் பொதுவாக அட்டை என்று கேட்டால் ஆர்ட் போர்டை எடுத்துத் தந்துவிடுவார்கள். அதில் பூச்சு உண்டு. நம் வேலைக்கு ஆகாது. ஐயம் இருந்தால் ஒரு துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் அப்படியே நின்றால் பூச்சு இருக்கிறது, சிறிது நேரத்தில் ஊறி இறங்கினால் இல்லை. இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் எவரும் மறுத்ததில்லை.

அளவு குறித்தும் ஒரு சொல். கைவினைத் தாள் 56 செ.மீ. அகலமும் 76 செ.மீ. நீளமும் உள்ள முழுத் தாளாகக் கிடைக்கிறது. அதிலிருந்து 14.8 செ.மீ.க்கு 21 செ.மீ. அளவில் பத்து அட்டைகள் வெட்டலாம்: நீளவாக்கில் ஐந்து, அகலவாக்கில் இரண்டு. ஓரத்தில் 14 செ.மீ. அகலத்தில் ஒரு நீளத் துண்டு மிஞ்சும். அதை எறிந்துவிடாதீர்கள், மை சோதனைக்கு அதுதான் வேண்டும். ஆக இருபது அட்டைகளுக்கு இரண்டு முழுத் தாள்கள். தாளைச் சுருட்டி எடுத்து வந்தால் நிமிர்த்துவதற்கு இரண்டு நாள் பாரம் வைக்க வேண்டியிருக்கும் என்பதால், கடலூருக்குப் பேருந்தில் வருபவர்கள் கடையிலேயே நான்காக வெட்டி வாங்கி வருவது நல்லது. அப்படியானால் வெட்டும் இடத்தை அட்டை அளவை வைத்துக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். சரிபாதியாக வெட்டிவிட்டால் நடுவில் வர வேண்டிய ஐந்தாவது அட்டை இரண்டாகப் பிளந்துபோகும்.

3. மையைத் தாளோடு சேர்த்துச் சோதியுங்கள்

மை வகைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். அட்டை செய்பவர்களுக்கு வேண்டியவை அடிப்படையில் நான்கு வகைகள்.

சாய மை தாளுக்குள் ஊறி விரைவில் காய்ந்துவிடும், மெல்லிய கோடுகளைத் தெளிவாகக் காட்டும். வெயிலில் நாளடைவில் வெளுக்கும். தொடங்குபவர்களுக்குக் கறுப்புச் சாய மை ஒன்று இருந்தால் போதும். நிறமி மை தடிப்பாகத் தாளின் மேலேயே நிற்கும்; நிறம் ஆழமாக இருக்கும், எளிதில் வெளுக்காது, ஆனால் காய்வதற்கு ஒரு நாள் முழுதும் வேண்டும். மழைக் காலத்தில் அதற்கும் மேல் ஆகும். பூச்சுள்ள அட்டையில், சூடு காட்டாவிட்டால் காயவே காயாது. என் முதல் ஆண்டின் பத்து அட்டைகள் அப்படித்தான் போயின. மூன்றாவது, கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற உறிஞ்சாத பரப்புகளுக்கான கரைப்பான் மை. ஸ்டேசான் என்ற பெயரில் வருவது இந்த வகை. சாதாரண வாழ்த்து அட்டைக்கு இது தேவையில்லை. நான்காவது, வெர்சாமார்க் போன்ற நிறமற்ற ஒட்டு மை. அதன்மேல் புடைப்புப் பொடி (எம்பாஸிங் பவுடர்) தூவி உருக்கினால் எழுத்து புடைத்து நிற்கும்.

அலுவலக ஸ்டாம்பு பேடின் ஊதா மை இந்த நான்கிலும் சேராது. ரசீதில் முத்திரையிட அது சிறந்தது. வாழ்த்து அட்டையில் ஓரம் பரவும், அதன்மேல் வண்ணம் தீட்டினால் கரைந்து கலங்கும். வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். வாங்க நினைக்கும் தாள்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டு எடுத்து, நுனியைத் தட்டையாக வெட்டிய அழிப்பானை மையில் தொட்டு அழுத்துங்கள். முத்திரை இன்னும் கைக்கு வராத நிலையில் இதற்கு அழிப்பானே போதும். ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள் என மூன்று முறை விரலால் தேய்த்துப் பார்த்து, எப்போது காய்ந்தது என்று அந்தத் துண்டிலேயே எழுதி வையுங்கள். நீர்வண்ணம் தீட்டும் எண்ணம் இருந்தால், காய்ந்த அச்சின்மேல் ஈரத் தூரிகையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மை கலங்கினால் அந்த அட்டைகளுக்கு வண்ணப் பென்சில்தான் பொருந்தும். இந்தத் துண்டுகளை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தால் அடுத்த ஆண்டு இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிராது.

4. முத்திரையைச் செய்யக் கொடுங்கள்

வெளிநாட்டு முத்திரைகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பனியும் ஊசியிலை மரங்களும் மான்வண்டியும்தான் மிகுதி. நம் வீட்டு வாசலில் தொங்கும் ஐந்து முனைக் காகித நட்சத்திரமும், கீற்று வேய்ந்த குடிலும் வேண்டுமானால் நாமே வரைந்துதான் செய்யக் கொடுக்க வேண்டும். நீதிமன்றம், பத்திரப் பதிவு அலுவலகம் ஆகியவற்றை ஒட்டிய தெருக்களில் ரப்பர் ஸ்டாம்பு செய்பவர்கள் இருப்பார்கள். அலுவலக முத்திரை கேட்பவர்களிடம் அலுவலகக் கடிதத்தைக் கேட்பது அவர்கள் வழக்கம். படத்துக்கு எந்த ஆவணமும் தேவைப்படாது. ஆனாலும் கடைக்குப் போகும்முன் கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனெனில் செய்து முடித்த முத்திரையைத் திருத்தவே முடியாது.

படம்: வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கோட்டோவியமாக வரைந்து, அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து கொடுங்கள். சாம்பல் நிறச் சாயல் முத்திரையில் வராது. பென்சில் நிழலும் அப்படித்தான். கோட்டின் தடிமன் வழவழப்பான தாளுக்கு 0.3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கைவினைத் தாளில் நேரடியாக அச்சிடுவதானால் 0.5 மி.மீ. வையுங்கள். தாளை முதலில் முடிவு செய்யச் சொன்னதற்கு இது முக்கியமான காரணம். முழுதும் கறுப்பாக நிரப்பிய பெரிய பரப்புகளைத் தவிருங்கள். கையால் அழுத்தும்போது மை எல்லா இடத்திலும் சமமாகப் படியாமல் திட்டுத் திட்டாகத் தெரியும்.

வாசகம்: எழுத்தில்தான் நான் அதிகம் அடிபட்டேன். கணினியில் ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைக் கடையின் பழைய மென்பொருளில் திறந்தபோது, ஒகரக் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் போய் நின்றன. அதை யாரும் கவனிக்காமல் அப்படியே முத்திரையாக்கிவிட்டார்கள். எனவே வாசகத்தை எழுத்துக் கோப்பாகக் கொடுக்காதீர்கள். படமாகவோ, எழுத்துகள் கோட்டுருவமாக மாற்றப்பட்ட பிடிஎஃப் கோப்பாகவோ கொடுங்கள். கையெழுத்து நன்றாக உள்ளவர்கள் தடித்த பேனாவால் எழுதி ஸ்கேன் செய்து கொடுத்தால் அட்டைக்குத் தனிக் களை வரும். எழுத்தின் அளவு 14 புள்ளிக்குக் குறைந்தால் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் மையால் அடைபடும், புள்ளிகள் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

இடவல மாற்றத்தை நீங்களே செய்துகொண்டு போகாதீர்கள். அதைக் கடைக்காரர் செய்வார். இருவரும் செய்தால் முத்திரையின் முகத்தில் எழுத்து நேராக இருக்கும், அச்சில் இடவலம் மாறி வரும். செய்வதற்கு முன் ஒரு காகித அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, அதில் கையொப்பமிட்டு ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தவறு வந்தால் மறுபடி செய்து கேட்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம்; எனக்கு முதல் ஆண்டில் அது இல்லாததால் பணம் திரும்பவில்லை.

சொற்கள்: வாழ்த்துகள் என்பதா வாழ்த்துக்கள் என்பதா, கிறிஸ்மஸ் என்பதா கிறிஸ்து பிறப்பு விழா என்பதா என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள். நான் வல்லினம் மிகாத வாழ்த்துகள் என்பதையே வைத்தேன். விவிலிய வசனம் சேர்ப்பதானால், கத்தோலிக்கர் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பில் மாட்சி என்றும் சீர்திருத்தச் சபையினர் பயன்படுத்துவதில் மகிமை என்றும் வருவது போன்ற வேறுபாடுகள் இருப்பதால், பெறுபவர்களுக்குப் பழகிய சொல் எது என்று பாருங்கள். இரு வீட்டாருக்கும் அனுப்புபவர்கள் வசனத்தை முத்திரையாக்காமல் உள்ளே கையால் எழுதுவதே பொருத்தம். ஆண்டைக் குறிக்கும் எண்ணை எக்காரணம் கொண்டும் முத்திரையில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அடுத்த கிறிஸ்மஸுக்கு அந்த முத்திரை பயன்படாது.

வகை: தானே மை தொட்டுக்கொள்ளும் முத்திரை, மை உள்ளே ஊறிய முத்திரை, மரப்பிடி முத்திரை என மூன்று வகைகளைக் கடையில் காட்டுவார்கள். முதல் இரண்டையும் விலை குறைவாகச் சொன்னாலும் வாங்க வேண்டாம். அவற்றில் நினைத்தபோதெல்லாம் மையை மாற்ற முடியாது. மரப்பிடியும் ரப்பருக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்சும் உள்ளதைக் கேளுங்கள். பிடி ஒட்டாத வெறும் ரப்பரை மட்டும் வாங்கி, விளிம்பு மழுக்கிய தடித்த கண்ணாடித் துண்டில் இருபக்க டேப்பால் ஒட்டிக்கொண்டால், எங்கே பதிகிறது என்பதைக் கண்ணாடி வழியே பார்த்தே அழுத்தலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இணையத்திலிருந்து எடுத்த ஓவியத்தை முத்திரையாக்கி, ஆலய விற்பனையகத்தில் அட்டைகளை விற்கும் எண்ணம் இருந்தால், ஓவியரின் எழுத்துவழி ஒப்புதலை முன்னதாகவே பெற்று வையுங்கள். வெளிநாட்டு முத்திரை நிறுவனங்கள் பலவும், கையால் அச்சிட்ட அட்டைகளை விற்க நிபந்தனையோடு இசைவு தருகின்றன, ஆனால் அந்த அச்சை இயந்திரத்தில் நகலெடுத்து விற்பதை ஏற்பதில்லை. எனவே வாங்கிய முத்திரையின் உறையில் உள்ள நிபந்தனையைப் படித்துவிட்டு அந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

5. வெட்டி மடியுங்கள்

14.8 செ.மீ.க்கு 21 செ.மீ. துண்டை நடுவில், அதாவது 10.5 செ.மீ.யில் மடித்தால் கைக்கு அடக்கமான அட்டை கிடைக்கும். கனமான தாளை அப்படியே கையால் மடித்தால் மடிப்பு வெடித்து இழை பிரியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை இரும்பு ஸ்கேலின் ஓரமாக அழுத்தி இழுத்துப் பள்ளம் ஏற்படுத்தி, பிறகு மடியுங்கள். கையால் வார்த்த தாளுக்கு இழை ஓட்டம் என்று குறிப்பாக ஒன்றும் இல்லை. இயந்திரத்தில் செய்த அட்டைக்கு உண்டு; இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் திசைக்கு ஏற்ப மடிப்பு வருமாறு வெட்டுங்கள்.

படத் துண்டை 9.5 செ.மீ.க்கு 13.8 செ.மீ. அளவில் வெட்டினால் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் கைவினைத் தாள் சட்டம்போல் தெரியும். ஓர் ஏ4 தாளில் நான்கு துண்டுகள் கிடைக்கும். இருபதுக்கு ஐந்து தாள்கள் என்றாலும் எட்டுத் தாள்களாக வாங்குங்கள், முதல் நாள் அச்சில் பிசகு வரும்.

6. அச்சிடுங்கள்

மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேசைமேல் பத்துத் தாள் கனத்துக்குச் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அடியில் சிறிது மென்மை இருந்தால்தான் முத்திரையின் எல்லாப் பகுதியும் தாளைத் தொடும்.

புதிய முத்திரையின் முகத்தில் வழுவழுப்பு இருப்பதால் மை திவலை திவலையாகத் திரண்டு நிற்கும். வெள்ளை அழிப்பானால் முகத்தை மெதுவாக ஒருமுறை தேய்த்துத் துடைத்தால் அது நீங்கிவிடும். முத்திரை பேடைவிடப் பெரிதாக இருந்தால், முத்திரையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு பேடை அதன்மேல் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். பேடில் முத்திரையைப் போட்டு அழுத்தித் திருகுவது கூடாது. குழிகளுக்குள்ளும் ஓரங்களிலும் மை ஏறி, அச்சில் தேவையற்ற கோடுகளாக விழும். மை ஏற்றியதும் ரப்பரின் ஓரத்தைத் துணியால் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு முத்திரையை நேராக இறக்கி, அசைக்காமல், விரல்களால் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அழுத்தி, நேராகத் தூக்குங்கள். அலுவலகத்தில் செய்வதுபோல் ஓங்கிக் குத்தவும் கூடாது, முன்னும் பின்னும் ஆட்டவும் கூடாது. ஆட்டினால் கோடு இரட்டையாகும். முதல் ஐந்தாறு அச்சுகளைச் சோதனைத் தாளில் எடுத்து, எத்தனை தட்டு மை ஏற்றினால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கை கண்டுகொண்ட பிறகே நல்ல துண்டுகளுக்கு வாருங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் மறுபடி மை ஏற்ற வேண்டும்.

குடிலின் பின்னால் நட்சத்திரமோ தென்னையோ தெரிய வேண்டுமானால், முன்னால் நிற்பதை முதலில் அச்சிடுங்கள். அதே படத்தை மெல்லிய தாளில் இன்னொரு முறை அச்சிட்டு, கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டியெடுத்து, முதல் அச்சின்மேல் மூடிவைத்துவிட்டுப் பின்னால் நிற்பதை அச்சிட்டால், மறைய வேண்டிய பகுதி மூடியில் விழும், மற்றது அட்டையில் விழும்.

அச்சிட்ட துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் தொங்கவிட்டால் தாள் வளையும். சன்னல் மூடிய அறையில் தட்டையாகப் பரப்பி ஓர் இரவு விடுவதே சரி. மழை பெய்துகொண்டிருந்தால் மேலும் ஒரு நாள் விடுங்கள். படத் துண்டை அடி அட்டையில் ஒட்டுவதற்கு நீரில் கரையும் பசை வேண்டாம், இருபக்க டேப் போதும். பசை தாளை நனைத்து அலையாக்கிவிடும். நம் ஊரின் நவம்பர் ஈரத்தில் அந்த அலை நிமிராது.

7. வண்ணமும் புடைப்பும்

முதல் ஆண்டில் வண்ணப் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. புடைப்பு எழுத்தை விரும்புபவர்கள், ஒட்டு மையால் அச்சிட்டவுடன் பொடியைத் தூவி, மிஞ்சியதைத் தட்டிக் கொட்டிவிட்டுச் சூடு காட்ட வேண்டும். முடி உலர்த்தும் கருவி இதற்குப் பயன்படாது. அதன் சூடு போதாது, காற்றும் பொடியைப் பறக்கடிக்கும். தனியாக வெப்பக் கருவி வாங்க மனமில்லாவிட்டால், சூடேறிய இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்புக்கு அருகே தாளின் பின்பக்கத்தைப் பிடித்தாலும் பொடி உருகி மினுங்கும். ஈரக் காற்றில் பொடி வேண்டாத இடமெல்லாம் ஒட்டும் என்பதால், அச்சிடும் முன் தாளில் முகப்பவுடரை மெல்லத் தடவித் துடைத்துவிடுங்கள்.

8. உறையை நீங்களே செய்யுங்கள்

இந்த அளவுக்குச் சரியான உறை கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை. 100 ஜிஎஸ்எம் ஏ4 தாளிலிருந்து அளவு பிசகாமல் செய்யலாம். தாளை நெடுவாக்கில் வைத்து, இடமும் வலமும் 2.8 செ.மீ. விட்டுக் கோடிடுங்கள். கீழிருந்து 10.5 செ.மீ.யில் ஒரு குறுக்குக் கோடு, அதற்கு மேல் 11 செ.மீ.யில் இன்னொன்று, மேலே 8.2 செ.மீ. மிஞ்சும், அதுவே மூடி. நடுப்பகுதியின் இரு பக்க மடிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, கீழ்ப்பகுதியிலும் மூடியிலும் உள்ள பக்க ஓரங்களை வெட்டிவிட்டு, பக்கங்களை உள்ளே மடித்து, கீழ்ப்பகுதியை மேலே மடித்து ஒட்டினால் 15.4 செ.மீ.க்கு 11 செ.மீ. அளவில் உறை தயார். ஒன்றை அட்டையில் வெட்டி மாதிரியாக வைத்துக்கொண்டால் மற்றவை விரைவாக முடியும்.

9. செலவுக் கணக்கு

சென்ற ஆண்டு இருபது அட்டைகளுக்கு எனக்கு ஆன செலவு இது. விலை கடைக்குக் கடை மாறும், இருந்தாலும் எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது தெரியும்.

கைவினைத் தாள் 2: ₹140
வெள்ளைத் தாள் 8: ₹64
உறைத் தாள் 25: ₹50
பட முத்திரை 1, வாசக முத்திரை 1: ₹530
கறுப்புச் சாய மை பேடு: ₹450
இருபக்க டேப்: ₹40
தபால்தலை 20: ₹100

மொத்தம் ₹1,374, அட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய ₹69. முதல் ஆண்டில் இது மிகுதியாகத் தோன்றும். முத்திரையும் பேடும் அடுத்த ஆண்டுக்கும் இருக்கும் என்பதால், அப்போது அட்டைக்கு ₹20 அளவிலேயே முடிந்துவிடும். வெப்பக் கருவி, பொடி, பல நிற மைகள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை; அவற்றை முதல் ஆண்டில் வாங்கவும் வேண்டாம்.

10. அஞ்சலில் சேர்ப்பதற்கு முன்

உள்நாட்டுக் கடிதத்துக்கு முதல் 20 கிராம் வரை ₹5 தபால்தலை. மேலே சொன்ன அளவுகளில் அடி அட்டை 9.3 கிராம், படத் துண்டு 2.6 கிராம், உறை ஏறத்தாழ 5 கிராம், ஆக ஏறத்தாழ 17 கிராம் வரும். அதாவது நமக்கு மிஞ்சியிருப்பது மூன்று கிராம்தான். பின்னிய ரிப்பன், மணி, தடித்த ஸ்பாஞ்சு டேப் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்தாலும் எடை 20 கிராமைத் தாண்டலாம். நான் ஒருமுறை சிறு மணிகள் ஒட்டிய அட்டைகளை எடை பார்க்காமல் ₹5 தபால்தலையோடு பெட்டியில் போட்டுவிட்டேன்; திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தை குறைவுத் தொகையைப் போல் இரு மடங்கு கட்டி அதை வாங்க நேர்ந்தது. வாழ்த்து அனுப்பிய நமக்காக அவர்கள் பணம் கட்டுவது மனத்துக்குச் சங்கடம். எனவே தயாரான அட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் தலைமை அஞ்சலகத்துக்கோ, புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள தலைமை அஞ்சலகத்துக்கோ நேரில் சென்று எடை போட்டுப் பார்த்துவிட்டு, தபால்தலைகளை மொத்தமாக வாங்குங்கள். துருத்தி நிற்கும் பொருள் உறைக்குள் இருந்தால் தேதி முத்திரை குத்தும்போது நசுங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முகவரியைச் சாய மைப் பேனாவால் எழுதாதீர்கள். டிசம்பர் மழையில் நனைந்த உறையில் பின்கோடு கரைந்துபோனால் கடிதம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பால்பாயிண்ட் பேனாவே நல்லது. அனுப்புநர் முகவரியைப் பின்பக்க மூடியில் எழுதுங்கள்.

புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்நாட்டு முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். நாட்டின் பெயரைக் கடைசி வரியில் தனியாக ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள். கட்டணத்தை வீட்டிலேயே ஊகித்து ஒட்டாமல் அஞ்சலக முகப்பில் கேட்டு ஒட்டுங்கள். உறைக்குள் அட்டையும் கடிதமும் மட்டும் இருக்கட்டும். அன்போடு ஒரு செபமாலையையோ சிறு நகையையோ சேர்த்து வைத்தால் அது பொருளாகக் கணக்கிடப்பட்டு, சுங்க அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டிவரும். நிரப்பாமல் அனுப்பினால் நடுவழியில் நின்றுபோகும்.

11. முத்திரைகளைத் துடைத்து எடுத்து வையுங்கள்

ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும்போதும், வேலை முடிந்ததும், ஈரத் துணியில் இரண்டு சொட்டு மென்மையான சோப்பு விட்டு முத்திரையைத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். மரப்பிடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒட்டு விட்டுவிடும். பெட்ரோல், தின்னர் போன்றவற்றால் துடைத்தால் ரப்பர் பிசுபிசுக்கும். துடைத்த முத்திரைகளை வெயில் படாத அலமாரியில் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். சாய மை பேடுகளைத் தலைகீழாக வைத்தால் மை மேற்பரப்பிலேயே நிற்கும்.

அச்சிட்ட அட்டைகளில் ஒன்றை அனுப்பாமல் எடுத்து வைத்து, அதன் பின்பக்கத்தில் தாள் வாங்கிய கடை, ஜிஎஸ்எம், மையின் பெயர், காய்ந்த நேரம், எடை, அஞ்சலில் சேர்த்த தேதி, போய்ச் சேர்ந்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். என்னிடம் இப்போது அப்படி மூன்று அட்டைகள் இருக்கின்றன; ஆகஸ்டில் தாள் வாங்கப் புறப்படும்போது அவற்றைத்தான் பையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.